ஐசிஆர்சியா, எம்எஸ்எஃப்பா, யூஎன்னா, ராணுவ நர்ஸிங்கா: சண்டை நடக்குற ஊருக்குப் போக நினைக்கிற நர்ஸ் பிள்ளைங்களுக்கு

காரைக்குடிப் பக்கம் நர்ஸிங் முடிச்சுட்டு வெளிநாடு போற பிள்ளைங்க நெறைய, கல்ஃப், அயர்லாந்து, யூகேன்னு தெருவுக்கு ஒருத்தியாவது இருப்பா. எங்க அண்ணன் மக கேட்டது வேற மாதிரி. மதுரையில ஐசியூல வேலை பாக்குறா, சம்பளம் கம்மியானாலும் பரவால்ல சித்தப்பா, சண்டை நடக்குற ஊருக்குப் போயி ரெண்டு பக்கத்து நோயாளியையும் பாக்கணும்னு இருக்கு, ஆனா ஐசிஆர்சி (சர்வதேச செஞ்சிலுவைக் குழு), எம்எஸ்எஃப் (எல்லைகளற்ற மருத்துவர்கள்), யூஎன் (ஐநா)னு எந்த வெப்சைட்டைத் தொறந்தாலும் நாங்க நடுநிலைன்னுதான் போட்டிருக்கு, எதை வச்சுப் பிரிச்சுப் பாக்குறதுன்னு கேட்டா. எங்க அண்ணன் நடுவுல புகுந்து, அதுக்கு நம்ம ராணுவ நர்ஸிங்லயே சேரலாமே, பென்ஷனாவது வரும்கிறாரு. அவளுக்கு வாட்ஸப்ல பதில் போட ஆரம்பிச்சு அது நீளமாப் போயிருச்சு, சிவகங்கை மாவட்டத்துல இதே யோசனையில இருக்குற மத்த பிள்ளைங்களுக்கும் உதவட்டும்னு ஒழுங்கா எழுதிர்றேன்.

நான் பிரிச்சுப் பாக்குறது ஒண்ணே ஒண்ணை வச்சுத்தான், துப்பாக்கி வச்சிருக்குறவன்கிட்ட இந்த அமைப்பு எப்படி நடந்துக்குது. அவன்கிட்ட பேசுதா, பேசுனதை வெளிய சொல்லுதா, அவன் வண்டிக்குப் பின்னாடி போகுதா, இல்ல அவன்கிட்டயே சம்பளம் வாங்குதா. சம்பளம், லீவு, டிக்கெட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், நீ உயிரோட திரும்பி வர்றதும், உன்னைத் தேடி வர்ற நோயாளி உயிரோட வீடு போறதும் இதுல இருக்கு.

தூரமாப் போகவேண்டாம், தொண்டிக் கடல்கரையில நின்னா அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். 1987 அக்டோபர் 21, தீபாவளி அன்னிக்கு, இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சு சுட்டதுல டாக்டருங்க, நர்ஸுங்க, ஊழியருங்க, படுக்கையில கெடந்த நோயாளிங்கன்னு 60, 70 பேர் செத்தாங்க. உள்ளயிருந்து புலிகள் சுட்டாங்கன்னு ராணுவம் சொல்லுச்சு, புலிகள் அதுக்கு முன்னாடி ஆயுதத்தோட வளாகத்துக்குள்ள வந்து போனாங்கன்னும், டாக்டருங்க வேண்டாம்னு கெஞ்சுனாங்கன்னும் அங்க இருந்தவங்க சொல்லியிருக்காங்க, அதே ஆளுங்கதான் கைய தூக்கிட்டு நின்ன டாக்டரைச் சுட்டதையும் சொல்லியிருக்காங்க. மூணு வருஷம் கழிச்சு, 1990ல, இலங்கை ராணுவத்துக்கும் புலிகளுக்கும் மறுபடி சண்டை, ஆஸ்பத்திரி இருக்குறது கோட்டைக்குப் பக்கத்துலயே, குண்டு விழாத நாள் இல்ல. அப்ப ஐசிஆர்சி ரெண்டு தரப்புக்கிட்டயும் உக்காந்து பேசி, ஆஸ்பத்திரியையும் சுத்தி உள்ள கொஞ்ச எடத்தையும் பாதுகாப்பு வலயம்னு ஒத்துக்க வச்சாங்க, எந்தத் தரப்பும் உள்ள ஆயுதம் கொண்டுவரக் கூடாது, பக்கத்துல பங்கர் வைக்கக் கூடாது, கூரையில சிவப்புச் சிலுவை. அதுக்கப்புறமும் சண்டை நின்னபாடில்ல, ஆனா ஆஸ்பத்திரி ஓடுச்சு. ஆஸ்பத்திரியை யாரு நம்புறாங்க, எதுக்காக நம்புறாங்கங்கிறதுல எவ்வளவு இருக்குன்னு இந்த ரெண்டு தேதியை வச்சே புரிஞ்சுக்கலாம்.

முதல்ல ஐசிஆர்சி. இதை இந்தியன் ரெட் கிராஸோட போட்டுக் குழப்பிக்காதீங்க. ஸ்கூல்ல ஜேஆர்சி, காலேஜ்ல யூத் ரெட் கிராஸ்னு நீங்க பேட்ஜ் குத்துனது எல்லாம் இந்தியன் ரெட் கிராஸ் வழியா வந்தது, அது 1920 சட்டப்படி உருவான நம்ம நாட்டுச் சங்கம், அரசாங்கத்துக்கு, ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் சேத்து, துணையா நிக்கவேண்டியது. ஐசிஆர்சி ஜெனீவால 1863ல ஆரம்பிச்சது, சண்டை நடக்குற எடத்துல ரெண்டு பக்கமும் போறதுதான் அவங்க வேலையே, யுத்தச் சட்டமான 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள்லயே அவங்க பேரைப் போட்டு எழுதியிருக்கு. டெல்லியில அவங்களுக்கு ஆபீஸ் இருக்கு.

நெறைய பேரு நடுநிலைன்னா ராணுவத்தை விட்டுத் தள்ளி நிக்கிறதுன்னு நினைக்கிறாங்க. ஐசிஆர்சி நேர்மாறு, உலகத்துல ராணுவத்துக்கிட்ட அதிகமாப் பேசுறது அவங்கதான். ஜெனரல்கிட்டயும் பேசுவாங்க, அந்த ஜெனரல் தேடிக்கிட்டு இருக்குற இயக்கத்துத் தளபதிகிட்டயும் பேசுவாங்க, அவங்க ஆபீசுலயே பல நாட்டு ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆனவங்க இருக்காங்க, அவங்க வேலையே படைகளுக்கு யுத்தச் சட்டம் சொல்லிக் குடுக்குறது. கைதிகளைப் பாக்கப் போனா தனியாப் பேசணும், மறுபடி மறுபடி வருவோம், எல்லா எடத்தையும் பாக்கணும்னு கண்டிஷன் போட்டுத்தான் போவாங்க, காஷ்மீர்ல பிடிபட்டவங்களை அப்படித்தான் 1995 ஒப்பந்தத்துக்குப் பிறகு பாக்க ஆரம்பிச்சாங்க. பாத்ததை அந்த ஜெயிலை வச்சிருக்குற ஆளுங்ககிட்ட மட்டும் சொல்லுவாங்க, பேப்பருக்குச் சொல்ல மாட்டாங்க. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துல கூட ஐசிஆர்சி ஊழியரைச் சாட்சி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு விதியே இருக்கு, ஏன்னா நாம இன்னிக்கு உள்ள விட்ட ஆளே நாளைக்குக் கோர்ட்டுல சாட்சியா வந்து நிப்பான்னா எவனும் கதவைத் தொறக்க மாட்டான்.

இந்த வாய்மூடலுக்கு விலை உண்டு, அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போகணும். 1942 அக்டோபர்ல, யூதர்களுக்கு என்ன நடக்குதுன்னு அவங்க காதுக்கு வந்தும், வெளிப்படையா ஒரு அறிக்கை விடலாமான்னு கூடிப் பேசி வேண்டாம்னு முடிவு பண்ணுனாங்க, அது தங்களோட பெரிய தோல்வின்னு அந்த அமைப்பே பின்னாடி ஒத்துக்கிச்சு. 2003ல ஈராக் ஜெயிலுகள்ல அமெரிக்க ராணுவம் கைதிகளைக் கொடுமைப்படுத்துறதைப் பாத்துட்டு ராணுவத்துக்கிட்டதான் சொன்னாங்க, அபு கிரைப் ஜெயில்ல எடுத்த படங்கள் வெளிய வந்து, அவங்க ரிப்போர்ட்டை யாரோ 2004ல பத்திரிகைக்குக் கசியவிட்ட பிறகுதான் உலகத்துக்கே தெரியும். இதைப் படிக்கிறப்ப கோவம் வருதா, அப்ப அங்க வேலைக்குப் போனா அந்தக் கோவத்தை வருஷக்கணக்கா உள்ளயே வச்சிருக்கணும்.

ஆனா 2009ஐப் பாத்தப்புறம் என்னால அவங்களைச் சும்மா குறை சொல்லிட்டுப் போக முடியல. இலங்கை வன்னியில கடைசிச் சண்டை, உள்ள லட்சக்கணக்குல சனம், யூஎன் முன்னாடியே வெளியேறிருச்சு (அதைக் கீழ சொல்றேன்), உள்ள இருந்த ஒரே வெளி அமைப்பு ஐசிஆர்சி. பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் புதுமாத்தளன் கரையில இருந்து கப்பல்ல காயம்பட்டவங்களையும் கூட வந்தவங்களையும் 13,000 பேருக்கு மேல ஏத்தி வெளிய கொண்டுவந்தாங்க, ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ராணுவம், கடற்படை, புலிகள் எல்லாரும் சரின்னு சொல்லணும், ஒருத்தர் வேண்டாம்னா கப்பல் நடுக்கடல்ல நிக்கணும். கொண்டுவந்தவங்கள்ல பல பேரைப் புல்மோட்டையில இந்தியா அனுப்புன மருத்துவக் குழுதான் வாங்கி வைத்தியம் பாத்துச்சு. உள்ள இருந்த அவங்க உள்ளூர் ஊழியர் மூணு பேர் ஷெல்லுக்குப் பலியானாங்க. மே நடுவுல கப்பல் கரைக்கே போக முடியாமப் போனப்ப அவங்களே பகிரங்கமா இது நினைச்சுப் பாக்க முடியாத பேரழிவுன்னு சொல்லிட்டாங்க, வாயைத் தொறக்காதவங்க தொறந்தாங்கன்னா நெலமை எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கங்க. மொதல்லயே கத்தியிருந்தா அந்தப் 13,000 பேரும் கரையிலயே கெடந்திருப்பாங்கன்னு நான் நம்புறேன். மொதல்லயே கத்தியிருந்தா சண்டை நின்னிருக்கும்னு சொல்றவங்களும் இருக்காங்க, எனக்கு அந்த நம்பிக்கை இல்ல.

அந்தச் சிலுவை சின்னமும் அப்படித்தான், எல்லாரும் நம்புற வரைக்கும்தான் அது காப்பாத்தும். 2008 ஜூலையில கொலம்பியா ராணுவம் பணயக்கைதிகளை மீட்கப் போனப்ப ஒரு ஆள் ரெட் கிராஸ் சின்னத்தைப் போட்டுக்கிட்டுப் போனான், 15 பேரை மீட்டாங்க, ஒரு குண்டு கூட வெடிக்கல, ஆனாலும் அது யுத்தச் சட்டப்படி தப்பு, அந்த நாட்டு ஜனாதிபதியே ஒத்துக்கிட்டாரு. அடுத்து உண்மையான ரெட் கிராஸ் நர்ஸ் காட்டுக்குள்ள போறப்ப அவளை எவன் நம்புவான்? நம்ம ஊர்ல கிளினிக் போர்டுலயும் டாக்டர் கார்லயும் சிவப்புச் சிலுவை போடுறதே 1960 ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி குத்தம்னு பல பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களாவது நிறுத்துங்க.

அடுத்து எம்எஸ்எஃப், எல்லைகளற்ற மருத்துவர்கள். 1971ல பிரான்ஸ்ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவங்கள்ல சில பேரு நைஜீரியாவுல பையாஃப்ரா சண்டையில ரெட் கிராஸ் டீம்ல வேலை பாத்துட்டு, பாத்ததைச் சொல்லக்கூடாதுங்கிறதை ஏத்துக்க முடியாம வந்த டாக்டருங்க. அதனால அவங்க ரத்தத்துலயே பேச்சு இருக்கு, வைத்தியமும் பாப்போம், கண்ணால பாத்ததையும் சொல்லுவோம். ராணுவத்தோட அவங்க வச்சுக்கிற உறவு கொஞ்சம்தான், ஆஸ்பத்திரி இருக்குற எடத்தோட ஜிபிஎஸ் குடுப்பாங்க, செக்போஸ்ட்ல விடச் சொல்லிப் பேசுவாங்க, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி கேட்ல துப்பாக்கி மேல குறுக்குக் கோடு போட்ட ஸ்டிக்கர் இருக்கும், சிப்பாயோ இயக்கத்தாளோ, ஆயுதத்தை வெளிய வச்சுட்டு வந்தா வைத்தியம் உண்டு. ஆயுதக் காவலோட போறதில்லங்கிறது கொள்கை, சோமாலியாவுல மட்டும் வேற வழியில்லாம ஆயுதக் காவல் வச்சாங்க, அங்கயும் 2013ல தாங்க முடியாம வெளியேறி அப்புறம் 2017ல திரும்பிப் போனாங்க.

பேசுறதுக்கும் விலை இருக்கு. 1985ல எத்தியோப்பியாவுல அரசாங்கம் பஞ்சத்துல வாடுன சனத்தைக் கட்டாயமா இடம் மாத்துறதையும் அதுக்கு நிவாரணத்தையே தூண்டில் மாதிரி வச்சதையும் வெளிய சொன்னாங்க, நாட்டை விட்டுத் துரத்திட்டாங்க. 2009ல சூடான் ஜனாதிபதி மேல சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் வாரண்ட் போட்டதும் டார்ஃபூர்ல இருந்து 13 அமைப்புகளைத் துரத்துனாங்க, அதுல எம்எஸ்எஃப்போட ரெண்டு பிரிவும் உண்டு. துரத்துனா கஷ்டப்படுறது டாக்டர் இல்ல, அடுத்த நாள் காலையில குழந்தையைத் தூக்கிட்டு வந்து பூட்டுன கேட்டைப் பாக்குற அம்மாதான். இதுக்காக அவங்க எப்பவும் கத்திக்கிட்டேதான் இருப்பாங்கன்னும் நினைக்கவேண்டாம், இதே 2009ல இலங்கையில வவுனியாவுலயும், சண்டையில தப்பி வந்த சனத்தை ராணுவம் அடைச்சு வச்ச மெனிக் ஃபார்ம் முகாமுக்குப் பக்கத்துலயும் வேலை பாக்குறதுக்காக வாயை அடக்கிக்கிட்டுத்தான் இருந்தாங்க, அது சரியான்னு அவங்களுக்குள்ளயே பெரிய விவாதம் நடந்துச்சு.

குந்தூஸ் பத்திச் சொல்லாம எம்எஸ்எஃப் பத்திப் பேச முடியாது. 2015 அக்டோபர் 3 விடியக்காலம், ஆப்கானிஸ்தான் குந்தூஸ் நகரத்துல அவங்க நடத்துன ஆஸ்பத்திரி மேல அமெரிக்க ராணுவ விமானம் சுத்திச் சுத்திச் சுட்டுச்சு, நோயாளி, ஊழியர், கூட வந்தவங்கன்னு 42 பேர் செத்தாங்க. ஜிபிஎஸ் குடுத்திருந்தாங்க, சில நாள் முன்னாடிகூட மறுபடி குடுத்திருந்தாங்க, சுடுறப்பவே ஃபோன் போட்டு நிறுத்தச் சொல்லிக் கதறுனாங்க. அமெரிக்க ராணுவம் விசாரிச்சு 16 பேர் மேல துறை நடவடிக்கை எடுத்துச்சு, குற்ற வழக்கு யார் மேலயும் போடல, எம்எஸ்எஃப் கேட்ட சுதந்திரமான விசாரணை நடக்கவே இல்ல. அதனால ஜிபிஎஸ் குடுத்துட்டா பத்திரம்னு நினைச்சுப் போகாதம்மான்னு அவகிட்ட சொன்னேன். 2024 ஏப்ரல் 1ல காசாவுல சாப்பாடு குடுக்குற வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பு ஆளுங்க ஏழு பேரு செத்ததும் இஸ்ரேல் ராணுவத்துக்கிட்ட ரூட் சொல்லி அனுமதி வாங்கிட்டுப் போன வண்டியிலதான். தகவல் சொல்றது அவசியம்தான், சொல்லாமப் போறது இன்னும் மோசம், ஆனா அந்தத் தகவல் அந்த ராணுவத்துக்குள்ள விமானம் ஓட்டுறவன் வரைக்கும் போகுதான்னு உனக்குத் தெரியாது.

பணம் எங்க இருந்து வருதுங்கிறதும் ராணுவத்தோட உள்ள உறவுதான், இதை யாரும் யோசிக்கிறதில்ல. எம்எஸ்எஃப்புக்கு 95 சதவீதத்துக்கு மேல தனி ஆளுங்க குடுக்குற பணம், 2016ல ஐரோப்பிய யூனியன் அகதிகளைத் துருக்கிக்குத் திருப்பி அனுப்புற ஒப்பந்தம் போட்டதுக்கு எதிர்ப்பா அந்த யூனியன் பணமும் அதுல உள்ள நாடுகளோட பணமும் வேண்டாம்னுட்டாங்க. ஐசிஆர்சிக்குப் பெரும்பகுதி அரசாங்கங்கள் குடுக்குறது, அதுலயும் சண்டையில நேரா எறங்கியிருக்குற அரசாங்கங்களும் உண்டு. அதனால அவங்க வளைஞ்சு போறாங்கன்னு நான் சொல்லல, ஆனா அரசாங்கம் பணத்தைக் குறைச்சா இவங்க வேலையாட்களைக் குறைக்கவேண்டியிருக்கு, 2023ல இருந்து அதுதான் நடக்குது, புதுசா சேரப் போறவங்களுக்கு இது நேரடியாப் பாதிக்கிற விஷயம்.

யூஎன். அதுல உள்ள டபிள்யூஎஃப்பி (உலக உணவுத் திட்டம்), யூனிசெஃப் (குழந்தைகளுக்கானது), டபிள்யூஹெச்ஓ (உலக சுகாதார அமைப்பு) இவங்க கொண்டுபோற அளவுக்குச் சாப்பாடும் தடுப்பூசியும் வேற யாராலயும் கொண்டுபோக முடியாது, அதை மொதல்லயே சொல்லிர்றேன். சிக்கல் என்னன்னா அதே யூஎன் கொடிக்குக் கீழதான் அரசியல் பேசுறவரும் இருக்காரு, நீலத் தொப்பி போட்ட சிப்பாயும் இருக்காரு. காங்கோவுல 2013ல பாதுகாப்புக் கவுன்சில் ஒரு தனிப் படையை அனுப்பி ஆயுதக் குழுக்களைத் தாக்கச் சொல்லுச்சு, அன்னிலருந்து அந்த ஊர் யூஎன் ஒரு தரப்பா ஆயிருச்சு, அங்க வெள்ளை வண்டியில நீ தடுப்பூசி கொண்டுபோனாலும் எதிர்ல நிக்கிற பையனுக்கு யூஎன்னா ஒண்ணுதான். 2003 ஆகஸ்ட் 19ல பாக்தாத் யூஎன் ஆபீஸ் மேல குண்டு வச்சதுல 22 பேர் செத்தாங்க, அந்தத் தேதியைத்தான் இப்ப உலக மனிதாபிமான தினமா வச்சிருக்காங்க. ராணுவ எஸ்கார்ட் கடைசி வழியாத்தான் இருக்கணும்னு அவங்களே விதிமுறை எழுதி வச்சிருக்காங்க, 2013ல அதைப் புதுப்பிச்சும் இருக்காங்க, ஆனா நெலத்துல போயிப் பாத்தா எஸ்கார்ட் இல்லாம வண்டி கெளம்ப மாட்டேங்குற எடங்கள் உண்டு. எஸ்கார்ட்ல போனா சாப்பாடு போயிச் சேரும், ஆனா எந்தப் படையோட வந்தாங்கன்னு அந்த ஊர் சனம் ஞாபகம் வச்சிருக்கும், கான்வாய் போன பிறகு அந்தச் சாப்பாட்டை வாங்குனவங்களைத் தேடி மத்தத் தரப்பு வரும்.

இயற்கைப் பேரிடரை இதோட சேக்காதீங்க. 2004 சுனாமியில நாகப்பட்டினத்துல ராணுவம், கடற்படை எறங்கி வேலை செஞ்சப்ப அதை யாரும் சந்தேகமாப் பாக்கல, பாக்கவும் தேவையில்ல, கடலுக்கு எதிர்த் தரப்பு கெடையாது. யூஎன்ல இதுக்குத் தனி வழிமுறை, சண்டைக்குத் தனி வழிமுறைன்னு பிரிச்சே வச்சிருக்காங்க. எங்க அண்ணன் சுனாமியைக் காட்டித்தான் ராணுவம் வந்தா என்ன தப்புன்னு கேக்குறாரு, அண்ணே, அங்க சுடுறதுக்கு ஆளு இல்லண்ணே.

யூஎன் பத்தி எனக்கு மனசு ஆறாத விஷயம் கிளிநொச்சி. 2008 செப்டம்பர்ல உங்க பாதுகாப்புக்கு நாங்க பொறுப்பில்லன்னு இலங்கை அரசாங்கம் சொன்னதும் யூஎன்னும் மத்த அமைப்புகளும் மூட்டை கட்டுனாங்க. சனம் அவங்க ஆபீஸ் வாசல்ல போயி நின்னு போகாதீங்க, நீங்க போனா இங்க நடக்குறதைப் பாக்க ஆள் இல்லன்னு கெஞ்சுனாங்க. போயிட்டாங்க. அவங்க கூட வேலை பாத்த உள்ளூர் ஊழியருங்க பல பேரு குடும்பத்தோட உள்ளயே மாட்டிக்கிட்டாங்க, புலிகள் அவங்களை விடல. யூஎன் நியமிச்ச குழுவே விசாரிச்சு, தாங்க கடமையில தவறிட்டோம்னு 2012ல ரிப்போர்ட் வெளியாச்சு. அப்புறம் சண்டை முடிஞ்சு மெனிக் ஃபார்ம்ல ரெண்டு லட்சத்துக்கும் மேல சனத்தை முள்வேலிக்குள்ள ராணுவம் அடைச்சு வச்சப்ப, அந்த முகாமுக்குக் கூடாரமும் தண்ணியும் சாப்பாடும் போட்டதும் இந்த அமைப்புகள்தான். போடலன்னா சனம் சாகும், போட்டா அடைச்சு வச்சவனுக்குச் செலவு மிச்சம். இதுக்கு எனக்கு விடை தெரியல, ஆனா அந்த இக்கட்டுல நீயும் ஒருநாள் நிப்பேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்.

ராணுவமே நிவாரண வேலையில எறங்குறது பத்தியும் சொல்லணும், இதுல என் அபிப்பிராயம் உறுதியானது. ஆப்கானிஸ்தான்ல 2001ல அமெரிக்கா மேல இருந்து மஞ்சள் கலர்ல சாப்பாட்டுப் பொட்டலம் போட்டுச்சு, அதே நேரத்துல போட்ட கொத்துக்குண்டும் மஞ்சள், அப்புறம் ரேடியோவுல ரெண்டையும் குழப்பிக்காதீங்கன்னு சொல்லவேண்டியதாப் போச்சு. ராணுவத்தாளுங்க சாதா ட்ரெஸ்ல வெள்ளை வண்டியில ஊர் ஊராப் போயிக் கெணறு வெட்டிக் குடுத்தாங்க, 2004ல தாலிபான் பத்தித் துப்புக் குடுத்தாத்தான் நிவாரணம் தொடரும்னு நோட்டீஸ் போட்டாங்க. அதே வருஷம் ஜூன்ல பட்கிஸ் மாகாணத்துல எம்எஸ்எஃப் ஆளுங்க அஞ்சு பேரைக் கொன்னாங்க, 24 வருஷம் அந்த நாட்டுல இருந்தவங்க வெளியேறிட்டாங்க, திரும்ப வர 2009 ஆச்சு. பாகிஸ்தான்ல பின் லேடனைத் தேடுறதுக்கு சிஐஏ தடுப்பூசி முகாம்னு பொய் சொல்லி ஆள் அனுப்புச்சு, அது 2011ல தெரியவந்த பிறகு போலியோ சொட்டு மருந்து குடுக்கப் போன பொம்பளைங்களைச் சுட்டுக் கொன்னதுக்கு அதையே காரணம் காட்டுனாங்க. செத்தவங்களும் நர்ஸ், சுகாதாரப் பணியாளர், நம்ம பிள்ளைங்க மாதிரி.

செட்டிநாட்டுக்காரங்களுக்கு இது பழைய கதையும்கூட. 1942ல பர்மாவுல இருந்து நடந்து வந்தவங்க வீடு இங்க ஊருக்கு ஊர் உண்டு, அந்த நடையில வெள்ளைக்காரங்களுக்கு ஒரு வழி, நம்ம சனத்துக்கு ஒரு வழின்னு பிரிச்சு விட்டாங்கன்னு பெரியவுக சொல்லுவாக, அன்னிக்கே காங்கிரஸ் தலைவருங்க இதைக் கண்டிச்சிருக்காங்க. தோத்து ஓடுற அரசாங்கமும் அதோட படையும் நிவாரணத்தைக் கையில வச்சிருந்தா யாருக்கு மொதல்ல தண்ணி, யாருக்கு மொதல்ல லாரின்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்களுக்கு மொதல்லங்கிற விதி அங்க நிக்காது. 2025 மே கடைசியில காசாவுல ஜிஹெச்எஃப் (காசா மனிதாபிமான அறக்கட்டளை)னு ஒண்ணு ஆரம்பிச்சு, இஸ்ரேல் ராணுவக் கட்டுப்பாட்டுல உள்ள எடங்கள்ல அமெரிக்க ஆயுதக் காவலோட சாப்பாடு குடுத்தாங்க, யூஎன், ஐசிஆர்சி, எம்எஸ்எஃப் யாரும் அதுல சேரல, சாப்பாடு வாங்கப் போன நூத்துக்கணக்கான பேரு அந்த எடங்களைச் சுத்தியே சுடப்பட்டுச் செத்தாங்க, காயம்பட்டவங்க ராஃபாவுல இருக்குற ரெட் கிராஸ் ஆஸ்பத்திரிக்குக் கும்பல் கும்பலா வந்தாங்க. இந்த மாதிரி அமைப்பு எவ்வளவு சம்பளம் குடுத்தாலும் போகாத, இதுல ரெண்டாவது யோசனையே வேண்டாம்.

அண்ணன் சொல்ற ராணுவ நர்ஸிங்கை நான் அந்த வரிசையில வைக்கல, அது நேர்மையான வேலை. மிலிட்டரி நர்ஸிங் சர்வீஸ்ல சேந்தா ஆபீசர் ரேங்க், நிரந்தரப் பணியா ஆனா பென்ஷன், காங்கோ கோமாவுலயும் தெற்கு சூடான்லயும் யூஎன் படைக்கு இந்தியா நடத்துற ஆஸ்பத்திரிகளுக்குப் போற வாய்ப்பும் உண்டு. 1950ல கொரியா யுத்தத்துக்கு இந்தியா சண்டைப் படை அனுப்பாம, லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில 60வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸை அனுப்புச்சு, அவங்க செஞ்ச வேலையைக் கொரியாக்காரங்க இன்னிக்கும் மரியாதையா நினைக்கிறாங்க. ராணுவ நர்ஸுக்கும் ஜெனீவா ஒப்பந்தப் பாதுகாப்பு இருக்கு, எதிரி காயம்பட்டு வந்தாலும் அதே வைத்தியம் பாக்கணும்னு கடமையும் இருக்கு. ஆனா அவ ஒரு தரப்போட யூனிஃபார்ம்ல இருக்கா, எங்க போகணும்னு முடிவு பண்றது கமாண்டர், எதிர்த் தரப்பு ஊர்ல இருக்குற கர்ப்பிணி அவகிட்ட வர முடியாது. பிள்ளை கேட்டது ரெண்டு பக்கத்து நோயாளியையும் பாக்கணும்னு, அப்ப இது அந்தக் கேள்விக்குப் பதில் இல்ல.

மிஞ்சுறது ஐசிஆர்சியும் எம்எஸ்எஃப்பும், யூஎன்னை நான் அவளுக்கு மூணாவதா வச்சேன். ரெண்டுல எம்எஸ்எஃப்புக்கு மொதல்ல போடச் சொன்னேன். அவ ஐசியூ நர்ஸ், எம்எஸ்எஃப் ஆஸ்பத்திரியை அவங்களே நடத்துறாங்க, அதனால ஐசியூ அனுபவத்துக்கு அங்க நேரடியா வேலை இருக்கு, போற நர்ஸ் பெரும்பாலும் உள்ளூர் நர்ஸுங்களை மேற்பாக்கிறது, பழக்குறது, மருந்து ஸ்டாக் பாக்குறதுன்னு இருப்பா. ரெண்டு வருஷம் அனுபவம் கேப்பாங்க, அது இருக்கு. இன்னொரு காரணம் அவ சுபாவம், தப்பைப் பாத்தா அங்கயே கேக்குற பிள்ளை, ஜெயில்ல ஒருத்தன் முதுகுல தழும்பைப் பாத்துட்டு ராத்திரி வீட்டுக்கு ஃபோன் பண்றப்பக்கூட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம இருக்கணும்னா இப்போதைக்கு அவளால முடியாது. கொஞ்ச வருஷம் போயி, பேசுனதால மூடுன ஆஸ்பத்திரியையும் பேசாததால தொறந்திருந்த ஆஸ்பத்திரியையும் கண்ணால பாத்தப்புறம் ஐசிஆர்சிக்குப் போகணும்னு தோணுச்சுன்னா போகட்டும், அதுக்குள்ள அங்க ஆள் எடுக்குற நெலமையும் மாறலாம். பேசாம இருக்குற பக்குவம் இப்பவே இருக்குற பிள்ளைங்களுக்கு என் யோசனை தலைகீழ், நீங்க ஐசிஆர்சியைத்தான் மொதல்ல பாக்கணும், அந்தக் குணம் ரொம்ப அபூர்வம்.

எதுல இன்டர்வியூ போனாலும் கூச்சப்படாம சில கேள்வி கேளுங்க. எஸ்கார்ட்டோட போறதா வேண்டாமான்னு யாரு முடிவு பண்ணுவா, டெல்லியா, ஜெனீவாவா, இல்ல ஊர்ல இருக்குற டீம் லீடரா, நான் அந்த வண்டியில ஏற மாட்டேன்னு சொன்னா வேலை போகுமா. ஆஸ்பத்திரிக்குள்ள ஆயுதத்தோட வந்தா யாரு போயி நிறுத்துவா. பாத்ததை வெளிய சொல்றதா இருந்தா நோயாளியோட பாதுகாப்பை யாரு யோசிப்பா. கடைசியா, இதைக் கட்டாயம் கேளுங்க, நெலமை மோசமாகி எங்களை விமானத்துல ஏத்துனா எங்க டிரைவர், எங்க உள்ளூர் நர்ஸ், அவங்க குடும்பம் எல்லாருக்கும் என்ன ஏற்பாடு. நிவாரண வேலையில சாகுறவங்கள்ல பெரும்பாலானவங்க உள்ளூர் ஊழியருங்கதான், 2006 ஆகஸ்ட்ல இலங்கை மூதூர்ல ஏசிஎஃப்ங்கிற பிரெஞ்சு நிவாரண அமைப்போட ஆபீஸ்ல சுட்டுக் கொன்ன 17 பேருமே அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க, இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனுக்கும் தண்டனை கெடையாது. இந்தக் கேள்விக்கு மழுப்புற அமைப்பு எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் தள்ளி வைங்க.

அண்ணன் இன்னும் முழுசா சரின்னு சொல்லல, சண்டை இல்லாத எடத்துல, அகதி முகாம் மாதிரி, மொத ட்ரிப் போகட்டும்னு எறங்கி வந்திருக்காரு, அதுவும் ஞாயம்தான். அவளை பிரெஞ்சு க்ளாஸ்ல சேரச் சொல்லியிருக்கேன், காங்கோ, சாட், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுன்னு எம்எஸ்எஃப் வேலை அதிகமா இருக்குற எடத்துல எல்லாம் அதுதான் ஓடும்.